செக் இருக்கும்போது கூடாது

ஷார்ஜா, அபு ஷகாரா.
லாண்டரிக்காரன் இஸ்திரிப் பெட்டியை அணைத்த பிறகு
அவன் மேசை எங்களுக்கு.
ஃபத்ஹி கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவன், மன்சூராக்காரன்.
என் மந்திரியை அவன் ஃபீல் என்கிறான்.
ஃபீல் என்றால் யானையாம்.
என் யானையையோ தாபியா, கோட்டை என்கிறான்.
ஒரு பலகை, இரண்டு காடு.
யானை குறுக்கே போகுமா நேரே போகுமா என்பதிலேயே
முதல் வாரம் கழிந்தது.

இரண்டாம் வாரம் அவன் திருடினான்.
ராஜாவை இரண்டு கட்டம் இழுத்தான்,
அதே கையால் யானையைத் தூக்கி
ராஜாவுக்கு அந்தப் பக்கம் வைத்தான்.
"ஒரு தடவைக்கு ஒரு காய்தானே?"
என் இந்தி அவனுக்குப் பாதி, அவன் இந்தி எனக்குக் கால்.
நாகர்கோவில் பாலிடெக்னிக் ஹாஸ்டலில்
ராஜா ஒரேயொரு முறை குதிரைபோல் பாய்வார், அவ்வளவுதான்.
ஃபத்ஹி சிரித்தான்: தப்யீத்.
பைத் என்றால் வீடு.
ராஜாவை வீட்டுக்குள் விடுவது.

வீடு என்றதும்
கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

என் விசாவில் ஸ்பான்சர் என்ற இடத்தில்
ஜெசிந்தா பெயர் இருக்கிறது.
அல் காசிமியா பக்கம் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் பிரிவு.
தொழில் என்ற இடத்தில் எனக்குத் தொழில் இல்லை.
பதினோரு வருஷம் வெயிலின் நடுவில் நின்றவன்:
மஞ்சள் தலைக்கவசம், நாற்பது பேருக்கு ஒரு விசில்.
கம்பெனி ஒரு வியாழக்கிழமை பூட்டிக்கொண்டது.

அன்றிரவு விதிகளை அவளே போனில் வாசித்தாள்,
கால்களை வெந்நீர் வாளியில் விட்டுக்கொண்டு.

இருவருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது.
என் அண்ணன் நின்றான். பொண்டாட்டி விசாவிலா என்று
போனில் சிரித்தான்.
அந்த நம்பரை அவள் மியூட்டில் போட்டிருந்தாள்.

இருவரும் அதுவரை நகர்ந்திருக்கக் கூடாது.
ஊருக்குப் போய் ஆறு மாசத்தில் வருகிறேன் என்றிருந்தேன்.
போய்த் திரும்பிய ராஜாவும் அதே கட்டத்தில்தான் நிற்பார்.
பலகையைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.
உரிமை போயிருக்கும்.

செக் இருக்கும்போது கூடாது.
இங்கே நிறுத்தினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
வாடகைக்கு நான் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி
ஸ்டேஷன் வரை போயிருந்த நாட்கள் அவை.
தன் பேரில் கடன் எடுத்து அதை அவள் மீட்ட பிறகுதான்
டைப்பிங் சென்டரில் என் போட்டோவைக் கேட்டார்கள்.

அடி விழும் கட்டத்தை ராஜா தாண்டக் கூடாது.
யானை தாண்டலாம்.
"இது என்ன நியாயம்?" என்றேன்.
வாளித் தண்ணீர் ஆறிவிட்டது என்றாள்.

முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும்;
யானையைத் தொட்டால் யானை மட்டும்தான் போகும்.
அந்த வியாழக்கிழமை
கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்து
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.
அவள்தான் வந்து கழற்றினாள்.
தோளில் கை வைத்து, "நீங்க வீட்ல இருங்க" என்றாள்.
அந்தக் கையை எட்டு மாதம்
அவமானமாகவே சுமந்திருந்தேன்.
நகர்த்தலின் முதல் பாதி அது என்று யார் கண்டது.

காலை ஐந்து நாற்பதுக்கு வேன்.
ஏழாம் மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன்:
இரவு நான் தேய்த்து மடித்த வெள்ளை
தெரு நடுவுக்கு
நேராகப் போகும்.

நேற்று நானும் தப்யீத் செய்தேன்.
யானை நடுவுக்கு வந்தது.
மூலையில் ராஜா, முன்னால் மூன்று சிப்பாய்,
நகர இடமில்லாத பத்திரம்.
அடுத்த முறை எதையும் தாக்காமல்
ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினேன்.
வீணாக்கிவிட்டாயே என்று கையை விரித்தான் ஃபத்ஹி.
ஹவா, என்றேன். காற்று.
தலையாட்டினான்.
அவன் மொழியிலும் அது ஹவாதான்.
அந்த ஒரு சொல்லில் எங்களுக்குள் தகராறில்லை.